சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?

எக்ஸ்ரே ரூம் சுவரில் கதிரைத் தடுக்க ஒட்டுகிற ஈயத் தகட்டில், ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக ஒரு துண்டை வெட்டிப் பாலித்தீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு எதிரே இருந்த காய்கறிக்கடைக்குப் போனேன். "கொஞ்சம் எடை போட்டுச் சொல்லுங்கக்கா" என்றதும் கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, பழைய இரும்புக்கடை அந்தக் கோடியிலல்லங்க இருக்குது?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, தக்காளிக் கூடையை நகர்த்திவிட்டுத் தராசைக் காட்டினார். 1 கிலோ 580 கிராம்.

2 கிலோ 100 கிராம் வந்திருக்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஈயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். 2 மில்லிமீட்டர் தகடு என்றால் சதுர மீட்டருக்கு 22.7 கிலோ, அடிச் சதுரத்துக்கு 2.1 கிலோ. தராசு காட்டிய எடைக்குத் தகடு 1.5 மில்லிமீட்டர்தான். தடிமன் அளக்கிற வெர்னியரை வைத்தே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஈயம் மெத்தென்ற உலோகம். வெட்டின இடத்தில் ஓரம் பிதுங்கிக்கொள்ளும், வெர்னியரை இறுக்கினால் உள்ளே அமுங்கும். ஒரு மூலையில் 1.9, இன்னொரு மூலையில் 1.6 என்று ஆளுக்கொரு பேச்சு பேசியது. தராசு ஒரே பதிலைச் சொன்னது.

சரக்கு அனுப்பியவருக்கு போன் போட்டேன். "ரோலிங்ல கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குமுங்க" என்றார். கால்வாசி குறைவதற்குப் பெயர் முன்னப்பின்ன இல்லை. லோடைத் திருப்பி அனுப்பினேன். ஒன்பது நாள் வேலை நின்றது. ஸ்கேன் சென்டர் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைத் தனிப் பதிவாகவே எழுதலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன், 1895 டிசம்பரில் எழுதிய முதல் கட்டுரையிலேயே, 1.5 மில்லிமீட்டர் ஈயத்தைத் தாண்டி இந்தக் கதிர் அநேகமாகப் போவதில்லை என்று குறித்திருக்கிறார். அந்தச் சப்ளையருக்கு இது தெரிந்திருந்தால் அதையே சாட்சிக்கு இழுத்திருப்பார். ராண்ட்ஜன் வைத்திருந்தது அந்தக் காலத்துக் கண்ணாடிக் குழாய். எங்கள் அறைக்கு வரவிருந்தது 125 கிலோவோல்ட் வரை ஏறும் மெஷின். அது தினமும் ஓடும், வருஷக்கணக்கில் ஓடும்.

நான் பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங் எடுத்துச் செய்கிறவன். ஷார்ஜாவில் ஆறு வருஷம் ஜிப்சம் போர்டு தூக்கி, தோள்பட்டை தேய்ந்து, கோவைக்குத் திரும்பி வந்து சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தேன். ஈயம் ஒட்டிய ஜிப்சம் போர்டை முதலில் தொட்டதும் ஷார்ஜாவில்தான். அங்கே நான் வெறும் கை. யாரோ அளந்து கொடுத்ததைத் தூக்கிப் பிடித்தேன், ஸ்க்ரூ அடித்தேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல ஆளில்லை. கோவையில் முதல்தடவை அந்த வேலை என் பெயரிலேயே வந்தபோதுதான் எனக்கு எவ்வளவு தெரியாது என்பது தெரிந்தது.

நம் ஊரில் எக்ஸ்ரே ரூமுக்கு வழக்கமாகச் செங்கல் சுவர்தான். ஏஇஆர்பி என்று எல்லோரும் சொல்லும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பழைய விதியே பலருக்கு மனப்பாடம்: நேர்க்கதிர் (மெஷினிலிருந்து நேராக வருவது) விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல், சிதறல் கதிர் (நோயாளி உடம்பில் பட்டுத் தெறிப்பது) மட்டும் படும் சுவர் 23 சென்டிமீட்டர், கதவுக்கு 1.7 மில்லிமீட்டர் ஈயம். 23 சென்டிமீட்டர் என்றால் நம் கொத்தனார் பாஷையில் ஒன்பது இஞ்ச் சுவர். தரைத்தளத்தில் சொந்த இடம் இருந்தால் அதைக் கட்டிவிட்டுப் போவதே உத்தமம். ஈயத்தை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் ஒன்பது இஞ்ச் என்று எதைக் கட்டுகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. விதி சொல்வது திடமான செங்கல். இப்போது எங்கு பார்த்தாலும் ஏஏசி பிளாக், அந்த வெள்ளை நிற எடையில்லாத கல். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதில் ஒன்பது இஞ்ச் கட்டிவிட்டு "சார், தடிமன் சரியா இருக்குதுங்களே" என்று நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கதிரைத் தடுப்பது சுவரின் கனம், அதன் அகலம் இல்லை. ஹாலோ பிளாக்கும் அப்படித்தான், பாதி காற்று.

எங்கள் இடம் ஒரு வணிக வளாகத்தின் முதல் மாடி, வாடகைக்கு எடுத்தது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், பூச்சைச் சேர்க்காமலே, சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 430 கிலோ. கீழே பீம் இல்லாத இடத்தில் அதை எழுப்ப ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஸ்டட் ஃப்ரேம் (செங்குத்தாக நிறுத்தும் தகரச் சட்டங்கள்), இரண்டு பக்கமும் ஜிப்சம் போர்டு, அதில் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர் ஈயம் என்று போட்டால் எல்லாம் சேர்த்து 50 கிலோவுக்குள் முடிந்துவிடும். கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஈயச் சுவரைப் போய் 'லேசான சுவர்' என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு இன்றும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

வரைபடம் முடிவாவதற்கு முன்பே கதிரியல் இயற்பியலாளர் ஒருவர் வந்தார். சின்ன வயசு மேடம். மெஷினைப் பற்றி எல்லாம் கேட்பார் என்று தாள்களோடு நின்றேன். அவர் ஒவ்வொரு சுவருக்கும் முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"இதுக்கு அந்தப் பக்கம் யாரு?"

வடக்கே நடைபாதை. மேற்கே வெளிச்சுவர், அதைத் தாண்டினால் வெட்டவெளி. தெற்கே படிக்கட்டு. கிழக்கே டியூஷன் சென்டர். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே மொட்டை மாடி.

டியூஷன் சென்டர் என்றதும் பேனாவை மூடிவைத்தார். "எத்தனை மணி நேரம் உக்காருவாங்க?" என்றார்.

இந்தக் கணக்குக்கு உலகம் முழுக்கப் பலரும் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் கதிர்ப் பாதுகாப்புக் குழுவான என்சிஆர்பி 2004ல் வெளியிட்ட 147ஆம் அறிக்கை. ஒரு இடத்தில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் இருப்பார் என்பதற்கு அதில் ஒரு பின்னம் உண்டு. நாள் முழுக்க ஆள் உட்காரும் அறைக்கு 1. நடைபாதைக்கு 1/5. படிக்கட்டுக்கு 1/40, ஏனென்றால் படிக்கட்டில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை. இதோடு தூரத்தையும் (இரண்டு மடங்கு தள்ளிப் போனால் கதிர் கால்வாசி), வாரத்துக்கு எத்தனை படம் என்பதையும் சேர்த்து, எந்தச் சுவருக்கு எவ்வளவு ஈயம் என்று வரும். உடம்பில் ஏறும் கதிரைச் சீவர்ட் என்ற அளவில் சொல்வார்கள். பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட் எல்லை. வாரத்துக்குப் பிரித்தால் 20 மைக்ரோசீவர்ட். மெஷினில் வேலை பார்க்கிறவருக்கு ஐந்து வருஷச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரை விடுகிறார்கள். ஆனால் அவர் நெஞ்சில் கதிரை அளக்கும் பேட்ஜ் குத்திக்கொண்டு, தெரிந்தே நிற்கிறவர். டியூஷன் பையனுக்குப் பேட்ஜ் கிடையாது.

மேடம் முதலில் செய்தது வரைபடத்தையே திருப்பிப் போட்டது. நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டை டாக்டர் கிழக்குச் சுவரில் கேட்டிருந்தார். அதை மேற்கு வெளிச்சுவருக்கு மாற்றினார். நேர்க்கதிர் இனி வெட்டவெளியைப் பார்க்கும். ஏற்கனவே அங்கே ஒன்பது இஞ்ச் செங்கல் இருந்தது, அதன்மேல் ஈயமும் வந்தது. கிழக்குச் சுவருக்குச் சிதறல் மட்டும். ஒரு கோட்டை அழித்துப் போட்டதில் பாதி ஆபத்து போயிற்று. அதற்குக் கிழக்குப் பக்கம் ஒரு கிலோ ஈயம்கூட அதிகமாகவில்லை.

வேலைக்கு வருவோம்.

முழு போர்டைத் தூக்கும் ஆசையை முதலில் விட்டேன். நாலடி அகலம், ஏழடி உயரம் எடுத்தால் ஒரு பலகை 80 கிலோ. லிஃப்டில் நுழையாது, படியில் திருப்ப முடியாது. இரண்டடி அகலமாக வெட்டி வாங்கினேன், ஒன்று 40 கிலோ. இரண்டு பேர் தூக்கலாம், மூன்றாவது ஆள் ஸ்க்ரூ அடிக்கலாம். ஏழடி ஏன் என்றால் தரையிலிருந்து 2.1 மீட்டர் வரைக்கும் ஈயம் போதும் என்பதுதான் கணக்கு. அதற்கு மேலே வெறும் ஜிப்சம்.

சாதாரணப் பார்ட்டிஷனுக்கு இரண்டடிக்கு ஒரு ஸ்டட் நிறுத்துவோம். இங்கே ஒரு அடிக்கு ஒன்று. எடை ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒவ்வொரு ஜாயின்டும் ஸ்டட்டின் நடு முதுகில்தான் வந்து உட்கார வேண்டும். தூக்குக்குண்டு போட்டு, ரசமட்டம் வைத்து, ஃப்ரேமுக்கு மட்டுமே மூன்று நாள் எடுத்தோம். ஃப்ரேம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் வெறும் ஜிப்சத்தில் புட்டி காப்பாற்றும். ஈயத்தில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழும்.

அந்த இடைவெளிதான் இந்தத் தொழிலின் மொத்தச் சங்கதியும். இரண்டு பலகை எவ்வளவு ஒட்டி நின்றாலும் நடுவே மயிரிழை இருக்கும். அதனால் பலகை ஏறுவதற்கு முன்பே ஸ்டட்டின் முகத்தில் இரண்டு இஞ்ச் அகல ஈயப் பட்டையை மேலிருந்து கீழ்வரை ஒட்டிவிடுவோம். பலகையின் ஈயப்பக்கம் ஸ்டட்டைப் பார்த்து வரும். ஜாயின்ட் பட்டையின் நடுவில் விழும், இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் மேல் ஏறி நிற்கும். ஓடு வேய்கிற மாதிரிதான். மழைத்தண்ணீர் ஓட்டுச் சந்தில் எப்படி நுழையப் பார்க்குமோ, அப்படி யோசித்து அடைத்தால் கைக்கு வேலை வந்துவிடும். என்ன, மழைக்கு ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம்.

ஸ்க்ரூ ஈயத்தைத் துளைத்துத்தானே போகிறது என்பார்கள். போகிறது. அந்த ஓட்டையை ஸ்க்ரூவின் இரும்பே நிரப்பிக்கொண்டு நிற்கிறது, அது போதும் என்பவர்கள் உண்டு. ஒவ்வொரு தலைக்கும் ஈய வட்டு வைக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் வட்டு வைக்கிற கட்சி. ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தகட்டில் தட்டி எடுத்து, ஸ்க்ரூத் தலைமேல் குழித்து அமுக்கி, அதன்மேல் புட்டி. மற்றபடி அடித்த பிறகு தவறு என்று உருவிய ஸ்க்ரூதான் உண்மையான ஓட்டை. அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தேன். உருவினால் எழுத வேண்டும், வட்டு வைத்தால் டிக் அடிக்க வேண்டும். பசங்களுக்கு இது பெரிய தலைவலி. ஆனால் ஸ்க்ரூ உருவுவது பாதியாகக் குறைந்துவிட்டது.

சுவிட்ச் பாக்ஸ், ஏசி பைப், மெஷின் கேபிள் போகும் வழி எல்லாவற்றுக்கும் பின்னால் தனியாக ஈயப் பெட்டி மடித்து வைக்க வேண்டும். கிழக்குச் சுவரில் ஒரு சுவிட்ச்கூட வேண்டாம் என்று எலக்ட்ரீஷியனிடம் கையெழுத்தே வாங்கினேன்.

கட்டரைப் பற்றி ஒன்று. ஈயத்தில் கிரைண்டர் ஓட்டவே கூடாது. கத்தியால் கீறி மடக்கி ஒடிப்பதுதான். கிரைண்டர் ஓட்டினால் தூள் பறக்கும், மூச்சில் போகும். பெரிய தகட்டை வெறுங்கையால் தொட்டால் விரல் கறுக்கும். அந்த விரலோடு பீடி பற்றவைத்தால் அத்தனையும் வாய்க்குள். என் டீமில் மூத்தவர் ஒருவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம், "ஈயம்தானேப்பா, எங்கம்மா ஈயச்சொம்புலதான் ரசம் வெப்பாங்க, அந்த ருசி வருமா" என்றார். அவருக்கு உட்கார வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ரசச்சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் அதுதான். நாம் அடிப்பது காரீயம். பேரில்தான் அண்ணன் தம்பி. காரீயம் உடம்பில் ஏறினால் இறங்குவது கஷ்டம், அதிலும் சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமாவுக்கு வீட்டில் ஒன்றரை வயசுப் பேத்தி. மறுநாளிலிருந்து வேலைச் சட்டையை சைட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, வேறு சட்டையில் வீட்டுக்குப் போனார். டீ கீழே தெருவில்தான். மாடிக்கு டம்ளர் ஏறாது.

இடையில் ஒரு நாள் பழைய வேலை ஒன்று நினைவுக்கு வந்தது. வேறு ஒரு ஊரில், வேறு யாரோ செய்த அறையை இடித்துக் கொடுக்கப் போயிருந்தேன். பிளைவுட்டில் மேலே மட்டும் நாலு ஆணி அடித்து ஈய ஷீட்டைத் திரைச்சீலை மாதிரி தொங்கவிட்டு மூடியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் ஷீட் மேலே மூன்று விரல்கடை இறங்கி, கீழே மடிப்பு மடிப்பாக உட்கார்ந்திருந்தது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடுகிற உலோகம். அதனால் நம் சாதாரண வெயிலே அதற்குச் சூடுதான், தன் எடையைத் தானே தாங்காமல் வருஷக்கணக்கில் மெள்ள வழியும். போர்டோடு முழுப்பரப்பும் ஒட்டி வருவதை வாங்குவது இதற்காகத்தான். அந்த மூன்று விரல்கடைச் சந்துக்கு நேரே வெளியே யார் தலை இருந்ததோ.

இனி என் தவறு.

கதவு நிலை மாட்டிய அன்றைக்கு நான் சைட்டில் இல்லை. அக்கா பேத்திக்குக் காதுகுத்து. திரும்பி வந்தபோது நிலை நின்றிருந்தது, ஓரத்தை மறைக்கும் பீடிங் கட்டை அடித்தாகிவிட்டது, பெயிண்டின் முதல் கோட்டும் ஓடியிருந்தது. பார்க்க அவ்வளவு லட்சணம். ஆசாரியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கதிர் எங்காவது கசிகிறதா என்று அளக்கும் சர்வே அன்று மேடம் மேசைமேல் ஒரு தண்ணீர்க் கேனை வைத்தார். நோயாளிக்குப் பதில் அதுதான். கதிர் தண்ணீரில் பட்டுத்தான் நாலாபக்கமும் சிதறும், மனுஷ உடம்பில் படுகிற மாதிரியே. டெக்னீஷியன் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பட்டனை அழுத்த, மேடம் வெளியே மீட்டரோடு ஒவ்வொரு ஜாயின்டாகப் போனார். டியூஷன் பக்கம் முழுக்க நடந்தார். முள் அசையவில்லை. படிக்கட்டுப் பக்கமும் இல்லை. எனக்குக் கொஞ்சம் மிதப்பு வந்திருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். நடைபாதையில் கதவின் வலது ஓரம் வந்தபோது முள் எழுந்தது. ஒரு அடி நகர்ந்தால் படுத்துவிட்டது. திரும்ப வைத்தால் எழுந்தது. இடுப்பளவிலிருந்து கீழே வரை ஒரு கோடு மாதிரி.

"அண்ணா, இதைப் பிரிக்கணும்" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

பீடிங்கைப் பெயர்த்தோம். தூக்கு சரியாக வராமல் ஆசாரி நிலையை இடது பக்கம் தள்ளி ஆப்பு வைத்திருக்கிறார். அவர் கணக்கில் அது நல்ல வேலை, நிலை நூல் பிடித்த மாதிரி நின்றது. நிலைக்குள் ஈயம் இருந்தது, சுவரிலும் ஈயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, மேலே ஒன்றும் தெரியாமல், கீழே வரவர அகன்று, என் சுண்டுவிரல் நுழையும் சந்து. எதிரே நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்ச் போடுவதாக இருந்த இடம்.

நாலு இஞ்ச் ஈயப் பட்டையை எல் வடிவில் மடித்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டிச் சந்துக்குள் இறக்கி, சுவர் ஈயத்தின் மேல் ஒரு இஞ்ச், நிலை ஈயத்தின் மேல் ஒரு இஞ்ச் ஏறும்படி ஒட்டினோம். மாமாதான் தட்டினார், அவர் கை பதமான கை. மறுபடி தண்ணீர்க் கேன், மறுபடி பட்டன். முள் படுத்தே கிடந்தது. அதற்கப்புறம்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்து, எலோரா தளத்தில் ஏறி, லைசென்ஸ் வந்தது. ஏஇஆர்பியின் ஆன்லைன் தளத்துக்கு எலோரா என்று பெயர் வைத்தவர் யாரோ தெரியவில்லை, குகை மாதிரிதான் உள்ளே போனால் வெளியே வர வழி தேடணும்.

அன்றிலிருந்து பீடிங் அடிப்பதற்கு முன், போர்டு மூடுவதற்கு முன், டேப் வைத்து போட்டோ எடுக்காமல் நான் காசு பட்டுவாடா செய்வதில்லை. காதுகுத்து ஆனாலும் சரி.

மெஷின் ஓட ஆரம்பித்து ஏழெட்டு மாதம் இருக்கும். டியூஷன் சார் போன் பண்ணினார். சுவர் எழும்பும்போது தினமும் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டவர் அவர்தான். மெஷினை நிறுத்திய பிறகும் கதிர் ரூமுக்குள்ளேயே தங்குமா என்று ஒரு முறை கேட்டார். லைட்டை அணைத்தால் வெளிச்சம் தங்குமா சார், அது மாதிரிதான் என்றேன். திருப்தி ஆனார். இப்போது போனில், "தம்பி, உங்க சுவத்துல ஒயிட் போர்டு மாட்டலாம்னு ட்ரில் போட்டோம், பிட்டு சட்டுனு உள்ள போயிடுச்சு, ஒண்ணும் ஆகாதுங்களே?" என்றார்.

சாப்பாட்டில் பாதியில் எழுந்து வண்டியை எடுத்தேன்.

சுவரில் இரண்டு ஓட்டை. மூன்றாவதுக்குப் பென்சிலில் புள்ளி. கட்டுக்கம்பி ஒன்றை வளைத்து முதல் ஓட்டையில் விட்டு, எதிலாவது இடிக்கிறதா என்று பார்த்தேன். பிட்டை வாங்கி ட்ரில்லில் மாட்டிய நீளத்தை அளந்தேன். 60 மில்லிமீட்டர். அவர்கள் பக்கத்து ஜிப்சம் 12.5, அதற்குப் பின்னால் ஸ்டட்டின் காலி இடம் 70, அப்புறம்தான் ஈயம். அதைத் தொட்டிருக்க முடியாது. கம்பியும் 82ல் போய் மெத்தென்று நின்றது, துளையில்லாமல். இரண்டாவது ஓட்டையிலும் அப்படியே.

பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, "அங்கிள், உள்ள என்ன இருக்குது?" என்றாள். காரீயம் என்றேன். "பிபி, அணு எண் 82" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு சாரைப் பார்த்தாள்.

ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்தேன். "உள்ளே ஈயத் தகடு உள்ளது. ஆணி, ட்ரில் கூடாது" என்று கடையில் அச்சடித்து, அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு ஒட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை, நூற்றிருபது ரூபாய்தான் ஆயிற்று. ஒயிட் போர்டுக்கு ஸ்டாண்ட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது, அட்டை மடித்து வைத்திருக்கிறார்கள்.